ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு வலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

டான்சில் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் சாயங்காலம் என் மகள் சோபாவில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது, 18 கிலோ. அழவில்லை, எதுவும் கேட்கவில்லை, கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். "பாரு, எவ்வளவு சமத்தா இருக்கா" என்று மாமியார் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாயோரம் ஒரு கைத்துண்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். துண்டை வாங்கிப் பார்த்தால் நனைந்து கனத்துப்போயிருந்தது. எச்சில் விழுங்கினால் வலிக்கும் என்று காலையிலிருந்து அதில் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். காலையில் ஊற்றி வைத்த இளநீர் டம்ளரில் அப்படியே இருந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்த நர்ஸ் அக்கா முதலில் கேட்டது, "அழறாளான்னு பார்க்காதீங்க, எச்சில் முழுங்கறாளா, ஒண்ணுக்குப் போனாளா, அதைச் சொல்லுங்க." அந்த ஒரு கேள்வியில் நான் மூன்று நாளாகச் செய்துகொண்டிருந்த தப்பு புரிந்துவிட்டது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்வோம் இல்லையா, ஆபரேஷன் ஆன பிள்ளை விஷயத்தில் மட்டும் அதை நம்பவே நம்பாதீர்கள். அழ வலு இல்லாத பிள்ளை இருக்கிறது, அழுதால் தையல் இழுக்கும் என்று அடக்கிக்கொள்ளும் பிள்ளை இருக்கிறது, இதெல்லாம் விட நம் வீடுகளில் அதிகம் இருப்பது அழுதால் ஊசி போடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை. சோறு சாப்பிடாததற்கும் தூங்காததற்கும் "இரு, டாக்டர் மாமாவைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்றேன்" என்று வருஷக்கணக்காகச் சொல்லி வளர்த்துவிட்டு, ஆபரேஷன் அன்று திடீரென்று "வலிச்சா சொல்லுடா கண்ணு" என்றால் அது எப்படிச் சொல்லும்? ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவுடன் அந்த மிரட்டலை வீட்டில் எல்லாரும் நிறுத்திவிடுங்கள். "வலிக்குதுன்னு சொன்னா ஊசி கிடையாது, வாய்க்கு மருந்துதான், ஐஸ்கிரீம் மாதிரி சில்லுனு தருவேன்" என்று முன்கூட்டியே, ஒன்றுக்கு நாலு தடவை சொல்லி வையுங்கள்.

எதைப் பார்க்க வேண்டும்

பெற்றோர் வீட்டிலேயே வலியைக் கணிப்பதற்கென்று 1996-இல் கனடா ஆய்வாளர்கள் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 15 கேள்விகள், எல்லாவற்றுக்கும் ஆமாம், இல்லை என்பதுதான் பதில். வழக்கத்தைவிடச் சிணுங்குகிறதா, சட்டென்று அழுதுவிடுகிறதா, விளையாடுவது குறைந்திருக்கிறதா, எப்போதும் செய்கிற காரியங்களைச் செய்யாமல் இருக்கிறதா, கவலையாகத் தெரிகிறதா, அமைதியாகிவிட்டதா, சோர்ந்திருக்கிறதா, சாப்பாட்டை வேண்டாம் என்கிறதா, சாப்பிட்டாலும் குறைவாகச் சாப்பிடுகிறதா, வலிக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா, அந்த இடம் எதிலும் பட்டுவிடாமல் ஒதுங்குகிறதா, முனகுகிறதா, முகம் சிவந்திருக்கிறதா, நம்மை விடாமல் ஒட்டிக்கொள்கிறதா, கடைசியாக, எப்போதும் மருந்துக்கு ஓடி ஒளிகிற பிள்ளை இப்போது மறுக்காமல் குடிக்கிறதா. ஆறு அல்லது அதற்கு மேல் ஆமாம் வந்தால் மருந்து தேவைப்படும் அளவுக்கு வலி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது "வழக்கத்தைவிட" என்ற வார்த்தை. உங்கள் பிள்ளையின் வழக்கம் டாக்டருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். இயல்பிலேயே அமைதியான பிள்ளை அமைதியாக இருந்தால் அதில் செய்தி ஒன்றுமில்லை. வாயாடி அமைதியானால் அதுதான் செய்தி. அன்று சாயங்காலம் நான் என் மகளுக்கு எண்ணிப் பார்த்தேன், எட்டு வந்தது, சமத்தாக இருக்கிறாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

பேச வராத பிள்ளைகளுக்கும், வளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைகளுக்கும் இது இன்னும் முக்கியம். அவர்கள் வலியைக் காட்டும் விதமே வேறாக இருக்கும், சில பிள்ளைகள் வலித்தால் சிரிப்பதுகூட உண்டு, தலையில் அடித்துக்கொள்வதும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே அதை நர்ஸிடம் சொல்லி, குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்கு வலி தெரியாது, மறந்துவிடும் என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1980-கள் வரைக்கும் மருத்துவ உலகமே கிட்டத்தட்ட அப்படித்தான் நம்பியது, பச்சிளம் குழந்தைகளுக்குப் போதுமான வலி மருந்து இல்லாமலே ஆபரேஷன் செய்த காலம் அது. இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த், 1987-இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளின் உடம்பும் ஆபரேஷன் வலியால் கடுமையாகப் பாதிக்கப்படுகிறது, வலி மருந்து சேர்த்துக் கொடுத்த குழந்தைகள் நன்றாகத் தேறுகின்றன என்று காட்டினார். ஆகவே யாராவது பெரியவர் "சின்னக் குழந்தைதானே" என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள். கைக்குழந்தையிடம் ஐந்து விஷயங்கள் பாருங்கள்: முகம் சுளிக்கிறதா, கால்களை உதைக்கிறதா அல்லது மடக்கி இறுக்கிக்கொள்கிறதா, உடம்பை வளைத்து நெளிகிறதா, அழுகை எப்படி, தூக்கி மார்போடு அணைத்தால் அடங்குகிறதா. பசியாற்றி, துணி மாற்றி, தூக்கியும் அடங்கவில்லை என்றால் வலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது

நாலைந்து வயதுக்கு மேல் பிள்ளையிடமே கேட்கலாம், ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டால் வலியைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. "இல்லை"தான் நமக்குப் பிடித்த பதில் என்பதும் அதற்குத் தெரியும், நம் முகத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிடும். ஆஸ்பத்திரியில் ஆறு முகம் வரைந்த ஓர் அட்டை வைத்திருப்பார்கள், கொஞ்சமும் வலி இல்லாத முகத்தில் ஆரம்பித்து ரொம்ப ரொம்ப வலிக்கிற முகம் வரை. இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "எந்த முகம் மாதிரி சந்தோஷமா இருக்கே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அம்மா பக்கத்தில் இருக்கிற சந்தோஷத்தில் சிரிக்கிற முகத்தைக் காட்டிவிடும். "உனக்கு எவ்வளவு வலிக்குதோ அந்த முகத்தைத் தொடு" என்று கேளுங்கள்.

அட்டை இல்லாவிட்டால் நாலு பெரிய பட்டன், அல்லது நாலு சோழி போதும் (மூன்று வயதுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). ஒன்று என்றால் கொஞ்சம் வலி, நாலு என்றால் தாங்கவே முடியாத வலி, "உன்கிட்ட இப்போ எத்தனை இருக்கு, எடுத்துக் காட்டு." இது நர்ஸ்கள் போக்கர் சீட்டாட்டத்து வில்லைகளை வைத்துச் செய்துவந்த பழைய முறைதான். வாயைத் திறந்து பேச முடியாத என் மகளுக்கு இதுதான் கைகொடுத்தது. துண்டைக் கண்டுபிடித்த அன்று மூன்று சோழியைத் தள்ளினாள், கொஞ்சம் யோசித்து நாலாவதையும் தள்ளினாள்.

சும்மா படுத்திருக்கும்போது கேட்பதோடு நிறுத்தாதீர்கள். விழுங்கும்போது, இருமும்போது, எழுந்து பாத்ரூம் போகும்போது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். படுத்தால் ஒரு சோழி, நடந்தால் நாலு என்றால் அந்தப் பிள்ளை நடக்கவே நடக்காது, மூச்சை இழுத்து விடாது, சாப்பிடாது, தேறுவதும் தள்ளிப்போகும்.

மருந்து: கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்

எங்களுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் பாராசிட்டமால் சிரப்புக்குப் பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தது. தேவைப்பட்டால் கொடுக்கவும் என்று அர்த்தம். தேவை என்றால் எது தேவை என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, கதறினால் கொடுக்க வேண்டும் என்று புரிந்துகொண்டோம். அவள் கதறவில்லை, இரண்டாம் நாள் முழுக்க ஒரே ஒரு வேளைதான் கொடுத்தோம். நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போதே நின்று கேளுங்கள்: முதல் இரண்டு மூன்று நாள் நேரம் தவறாமல் கொடுக்கலாமா, எத்தனை மணிக்கு ஒரு தடவை, எத்தனை எம்.எல்., ராத்திரி எழுப்பிக் கொடுக்கணுமா, ஆஸ்பத்திரியில் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள். பெரும்பாலான டாக்டர்கள் முதல் சில நாள் வலி இருக்கிறதோ இல்லையோ நேரத்துக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் வலி ஏறி உச்சிக்குப் போனபிறகு இறக்குவது பெரும்பாடு.

முதல் நாளில் இன்னொன்றும் நடக்கும். குடலிறக்கம், இறங்காத விரையை இறக்கி வைப்பது, சுன்னத் மாதிரி ஆபரேஷன்களில் முதுகின் கீழ்ப்பக்கம் அல்லது அந்த இடத்திலேயே மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பார்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரும், நாமும் இவ்வளவுதானா என்று நிம்மதியாவோம், சில மணி நேரத்தில் அந்த மரப்பு விட்டுப்போய் சரியாக ராத்திரியில் வலி வந்து நிற்கும். மரப்பு எப்போது விடும் என்று மயக்க டாக்டரிடம் கேட்டு, அதற்கு முன்பே முதல் வேளையைக் கொடுத்துவிடுங்கள்.

அளவு எடையைப் பொறுத்தது. பாராசிட்டமால் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் போகக் கூடாது. என் மகளுக்கு 18 × 15 = 270 மில்லிகிராம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் 5 எம்.எல்.லுக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, அதே 5 எம்.எல்.லுக்கு 250 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே டப்பா. 250 சிரப் என்றால் அவளுக்கு 5 எம்.எல்.லுக்குச் சற்று மேல், 120 என்றால் 11 எம்.எல். வீட்டில் பழைய 120 சிரப் கிடந்ததால் அதில் 5 எம்.எல். கொடுத்தேன், அவளுக்குத் தேவையானதில் பாதிகூட இல்லை. தலைகீழாக மாறினால் அளவு மீறிப்போய் ஈரல் கெடலாம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இவை இரண்டையும்விட அதிக அடர்த்தி. ஆகவே எம்.எல். மட்டும் கேட்காமல் "எந்தச் சிரப், 5 எம்.எல்.லில் எவ்வளவு" என்றும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அளக்க சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும், கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வசதியாகவும் இருக்கும்.

பாராசிட்டமால் மட்டும் போதவில்லை என்றால் இபுபுரோஃபென் சேர்ப்பார்கள், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வயிற்றில் ஏதாவது போன பிறகு. இரண்டும் வெவ்வேறு விதத்தில் வேலை செய்வதால் சேர்த்துக் கொடுக்கலாம், ஆனால் டாக்டர் சொல்லித்தான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாத பிரச்சினை, வலி மருந்தால் கிளம்பும் ஆஸ்துமா, தண்ணீரே குடிக்காமல் காய்ந்து கிடக்கும் பிள்ளை, டெங்கு சந்தேகம் இருக்கிற காய்ச்சல், இதில் எது இருந்தாலும் இபுபுரோஃபென் கூடாது. டான்சில் எடுத்த பிறகு ரத்தம் கசியும் என்று பயந்து சில டாக்டர்கள் இதைத் தவிர்ப்பார்கள், அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைக்கவே செய்கிறது. ஆபரேஷன் செய்தவர் என்ன சொல்கிறாரோ அதுதான் உங்களுக்கு. இன்னொரு எச்சரிக்கை, இரண்டும் கலந்தே வரும் சிரப்புகள் இருக்கின்றன, சளி சிரப்புகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். ஒரு பக்கம் அதைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் தனியாகவும் கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி மிச்சமான மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நிமெசுலைடு என்ற வலி மருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று இந்திய அரசு 2011-லேயே தடை செய்துவிட்டது. கோடீன், டிரமடால் என்ற கடுமையான வலி மருந்துகளும் 12 வயதுக்குக் கீழ் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் அறிவித்தது. கோடீன் உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறுகிறது, சில பிள்ளைகளின் உடம்பு அதை மிக வேகமாக மாற்றிவிடும், தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப்போகலாம். குறட்டைக்காக டான்சில் எடுத்த பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தூக்கத்தில் மூச்சுத் திணறல் இருக்கும், அவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆஸ்பிரினும் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

"இவ்வளவு மருந்து கொடுத்தா சூடு, பழக்கமாயிடும்" என்று வீட்டில் பேச்சு வரும். பாராசிட்டமாலும் இபுபுரோஃபெனும் பழக்கமாகிற மருந்துகள் இல்லை. அளவு மீறாமல் சில நாள் கொடுப்பதை நினைத்துப் பயப்பட வேண்டாம், கொடுக்காமல் விட்டால் பிள்ளை குடிக்காது, குடிக்காவிட்டால் தொண்டை காய்ந்து வலி இன்னும் ஏறும், கடைசியில் டிரிப்ஸ் ஏற்ற ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போக வேண்டியிருக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள். நேரம், மருந்து, எம்.எல்., சோழி எத்தனை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து சோழி எத்தனை, குடித்தது என்ன, ஒன்றுக்குப் போனது எப்போது. அப்பா ஒரு வேளை, பாட்டி ஒரு வேளை கொடுக்கிற வீட்டில் நோட்டு இல்லாமல் சமாளிக்கவே முடியாது. நாங்கள் அதை ஃபிரிட்ஜ் கதவில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். மருந்து வாந்தியாகிவிட்டால் உடனே இன்னொரு வேளை கொடுக்காமல் போன் செய்து கேளுங்கள். விழுங்கவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கு ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால் இருக்கிறது, அதுவும் ஒரு வேளைக் கணக்குதான்.

சாப்பாட்டு நேரத்துக்கு அரை மணி முன்னால் மருந்தைக் கொடுத்தால் அது வேலை செய்யும் நேரத்தில் நாலு வாய் உள்ளே போகும். டான்சிலுக்கு இளநீர், புளிக்காத மோர், ஐஸ்கிரீம், ஆறிய ராகிக் கூழ், குழைந்த தயிர் சாதம் எல்லாம் நல்லது. ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு ஐஸ்கிரீமா என்று எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. டாக்டரே சொன்னார் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கவைத்தபிறகுதான் அடங்கியது. ரசம், எலுமிச்சை, ஆரஞ்சு எரியும். ரோஸ்மில்க், மாதுளை, பீட்ரூட் மாதிரி சிவப்பு எதுவும் வேண்டாம், வாந்தி எடுத்தால் ரத்தமா ஜூஸா என்று தெரியாது.

மருந்து இல்லாத உதவிகளையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். வயிற்றில் ஆபரேஷன் என்றால் இருமும்போதும் எழும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், தையலில் இழுப்பு குறையும். லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) என்றால் தோள்பட்டை வலிக்கிறது என்று பிள்ளை சொல்லலாம், வயிற்றில் நிரப்பிய வாயு உதரவிதானத்தைச் சீண்டுவதால் வருவது, மெல்ல நடக்க நடக்கக் குறையும். கை கால் கட்டு என்றால் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். சுன்னத் என்றால் தளர்ந்த லுங்கி. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலும் மார்புச் சூடும். மற்றபடி கதை, சோப்புக் குமிழி ஊதுவது, மடியில் படுக்க வைத்து முதுகு தடவுவது. ஆனால் கார்ட்டூன் ஓடும்போது வலி மறந்திருப்பதைப் பார்த்து வலி போய்விட்டது என்று முடிவு கட்டி மருந்தை நிறுத்தாதீர்கள், ஹார்லிக்ஸோடு சொந்தக்காரர்கள் வந்து போகிற அரை மணி நேரத்தில் பிள்ளை தெம்பாக இருப்பதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

டான்சிலில் ஒரு விசேஷம், வலி நாளுக்கு நாள் நேராக இறங்காது. முதல் நாளைவிட மூன்றாம் நாள், நாலாம் நாள் அதிகமாக இருக்கலாம், காதும் வலிக்கும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் வருவது, காதில் ஒன்றும் இருக்காது, சூடான எண்ணெய் எதுவும் ஊற்றிவிடாதீர்கள். தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருப்பது சீழ் இல்லை, புண் ஆறும் பொருக்கு. அது 5 முதல் 10 நாளுக்குள் உதிரும், அந்த நாட்களில்தான் ரத்தக் கசிவுக்கும் வாய்ப்பு, ஆகவே ஒரு வாரம் ஆயிற்றே என்று முறுக்கும் சிப்ஸும் கொடுத்துவிடாதீர்கள்.

எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது என்றால்: வாயிலிருந்து புது ரத்தம், ரத்த வாந்தி, தூக்கத்தில் திரும்பத் திரும்ப எதையோ விழுங்கிக்கொண்டே இருப்பது (ரத்தம் உள்ளே இறங்கலாம்), மூச்சுத் திணறல், எழுப்பினால் எழாத மயக்கம், கட்டுப் போட்ட கையின் விரல்கள் நீலமாவது அல்லது மரத்துப்போவது. இவற்றுக்கு நேரே அவசரப் பிரிவு, வண்டி இல்லாவிட்டால் 108. எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, காய்ச்சல் 101-ஐத் தாண்டுகிறது, தையல் இடம் வீங்கிச் சிவந்து சீழ் வருகிறது, சரியான அளவில் நேரத்துக்கு மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறது என்றால் அன்றைக்கே டாக்டருக்குப் போன். "இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க" என்று தயங்காதீர்கள், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், உங்கள் பேச்சுக்கு உடனே மதிப்பு வரும்.

மருந்தை நிறுத்துவதும் அதே நோட்டைப் பார்த்துத்தான். அடுத்த வேளை நெருங்கும்போதும் சோழி ஒன்றைத் தாண்டவில்லை, நன்றாகக் குடிக்கிறது, விளையாட எழுந்துவிட்டது என்றால் முதலில் பகலில் இடைவெளியை நீட்டுங்கள், ராத்திரி வேளையைக் கடைசியாக விடுங்கள். எங்கள் வீட்டில் அது ஒன்பதாம் நாள். காலையில் எழுந்து நேரே சமையலறைக்கு வந்து, இட்லிக்குச் சட்னி ஏன் வைக்கவில்லை என்று சத்தமாகக் கேட்டாள், கைத்துண்டு கட்டிலிலேயே கிடந்தது.